சஹாரா தூசிய கடலடிக்கு கொண்டு போறது யாரு? பெர்முடா ட்ராப் கேஸ்

ஒரு கணக்குல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த கேஸ் மொத்தமும் அந்த கணக்கு தப்பா வந்ததுல இருந்துதான் கிளம்புது. 2 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளவுள்ள ஒரு களிமண் துகள் நடு அட்லான்டிக்ல தண்ணி மேல விழுதுன்னு வச்சுக்கோங்க. 1851ல ஸ்டோக்ஸ்ங்கிற இயற்பியலாளர் கொடுத்த விதிப்படி, துகளோட அளவு, அடர்த்தி, தண்ணியோட பிசுபிசுப்பு இந்த மூணையும் போட்டா அது ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். அப்போ 4000 மீட்டர் இறங்கி அடியில உக்கார சுமார் 50 வருஷம். 1 மைக்ரான் துகளுக்கு 200 வருஷம். கொஞ்சம் பெரிய 10 மைக்ரான் துகளுக்கே 2 வருஷம் பக்கம் ஆகும்.

இதுல என்ன சிக்கல்னா கடல் சும்மா நிக்காது. நொடிக்கு 1 சென்டிமீட்டர்ங்கிற ரொம்ப மெதுவான நீரோட்டம் கூட ஒரு வருஷத்துல 300 கிலோமீட்டருக்கு மேல ஒரு துகள தள்ளிட்டு போயிடும். 50 வருஷம் தொங்கிட்டே இருக்கிற தூசி எங்க விழுந்துச்சோ அதுக்கு நேர் கீழ போய் சேர வாய்ப்பே இல்ல, உலகம் பூரா கலந்து எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி களிமண்ணா படிஞ்சிருக்கணும். ஆனா கடலடி அப்படி இல்ல. வட பசிபிக் நடுவுல இருக்கிற சிவப்பு களிமண்ண எடுத்து பாத்தா, மேல மேற்குக் காத்து அடிக்கிற அந்த பட்டைக்கு நேர் கீழதான் குவார்ட்ஸ் (மணல்ல இருக்கிற கனிமம்) அதிகமா இருக்கு, இத 1958லயே சொல்லிட்டாங்க. காத்தோட பாதை கடலடியில அப்படியே பதிஞ்சிருக்குன்னா, தூசி பக்கவாட்டுல ரொம்ப தூரம் போறதுக்குள்ள வேகமா இறங்கியிருக்கணும். தானா இறங்க முடியாது. அப்போ யாரோ இறக்கி விடுறாங்க.

அது யாருங்கிறதுதான் கேஸ்.

எவ்வளவு தூசி, எங்க இருந்து

சாட்டிலைட் லேசர் வச்சு 2007ல இருந்து 2013 வரைக்கும் அளந்ததுல, வருஷத்துக்கு சராசரியா 18 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவோட மேற்கு ஓரத்த தாண்டி அட்லான்டிக் பக்கம் போகுது. அதுல ஒரு பங்கு அமேசான் வரைக்கும் போகுது, ஒரு பங்கு கரீபியன் வரைக்கும், பெரும்பங்கு நடுவுல கடல்லயே விழுந்துடுது. சாட் நாட்டுல இருக்கிற பொடேலே பள்ளம்தான் இதுல பேர் போன இடம், பழைய ஏரி வத்திப்போன தரை அது, அதனால அந்த மண்ணுல நன்னீர் டயட்டம் (கண்ணாடி மாதிரி ஓடுள்ள நுண்பாசி) ஓடுகள் நிறைய கலந்திருக்கும். டார்வின் 1832 ஜனவரியில பீகிள் கப்பல்ல கேப் வெர்டே தீவுக்கிட்ட இருந்தப்போ கப்பல் மேல படிஞ்ச தூசிய எடுத்து வச்சாரு, அப்புறம் இந்த மாதிரி தூசி 5 சின்ன பொட்டலமா பெர்லின்ல இருந்த ஏரன்பெர்க்ங்கிற இயற்கை விஞ்ஞானிக்கு அனுப்பினாரு, அவரு மைக்ராஸ்கோப்ல பாத்து 67 வகை உயிர் வடிவங்கள் இருக்கு, பெரும்பாலும் நன்னீர் வகைன்னு சொன்னாரு. நடுக்கடல்ல ஏரித் தண்ணி டயட்டம்! எனக்கு இந்த விஷயம் ஒவ்வொரு தடவை படிக்கிறப்பவும் புதுசா இருக்கும்.

பெர்முடா

இப்போ மெயின் கேஸ். வெர்னர் டாய்சர்னு உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்துல இருந்த விஞ்ஞானி, 1978ல பெர்முடா தீவுக்கு தென்கிழக்க சர்காசோ கடல்ல ஒரு செடிமென்ட் ட்ராப்ப இறக்கினாரு. ட்ராப்னா ஒரு பெரிய புனல், கீழ ஒரு கப், மேல இருந்து மழை மாதிரி விழுறத எல்லாம் அது பிடிச்சு வைக்கும், உள்ள விழுந்தது அழுகிடாம இருக்க கப்புல மருந்து போட்டிருப்பாங்க. மொத்தத்தையும் கயித்துல கோத்து கீழ நங்கூரம் கட்டி, மேல மிதவை வச்சு, 3200 மீட்டர் ஆழத்துல நிறுத்துறது. ஆரம்பத்துல ஒரு சாம்பிளுக்கு சுமார் 2 மாசம், அப்புறம் மேல வரவழைச்சு கப்ப மாத்தி திரும்ப இறக்குவாங்க. கேக்க சுலபமா இருக்கும், ஆனா சூரிய வெளிச்சம் எட்டவே எட்டாத ஆழத்துல ஒரு புனல வருஷக்கணக்குல விடாம நடத்துறதுங்கிறது எவ்வளவு பெரிய உழைப்புன்னு கப்பல் செலவு தெரிஞ்சவங்களுக்கு புரியும்.

முதல் அதிர்ச்சி 1980ல வந்துச்சு. ஆழ்கடல்ல பருவகாலம் கிடையாது, வருஷம் பூரா ஒரே மாதிரிதான்னு அதுவரைக்கும் எல்லாரும் நினைச்சிட்டு இருந்தாங்க. ட்ராப்ல பாத்தா கார்பன் அளவு பருவத்துக்கு பருவம் ஏறி இறங்குது, அதுவும் மேல பிளாங்க்டன் (தண்ணியில மிதந்து திரியிற சின்னச் சின்ன பாசி, விலங்குகள்) வளர்றதுக்கு ஏத்த மாதிரியே. அந்த கடல்ல குளிர்காலக் கடைசியில தண்ணி கலங்கி கீழ இருக்கிற சத்து மேல வரும், அப்புறம் வசந்தத்துல பிளாங்க்டன் பெருகும், கொஞ்ச வாரத்துக்குள்ள 3200 மீட்டர்ல அதோட எச்சம் வந்து விழுது. மேல நடக்கிறது கீழ உடனே தெரியுது.

ஆனா இந்த கேஸ்ல எனக்கு முக்கியம் 1983ல டாய்சர், ப்ரூவர், ஜிக்கெல்ஸ், கமோ நாலு பேரும் சேர்ந்து போட்ட பேப்பர்தான். அவங்க பாத்தது அலுமினியத்த. ஏன் அலுமினியம்னா, களிமண்ணுல அது எடையில சுமார் 8 சதவீதம் இருக்கும், உயிரினங்களுக்கு அது தேவையே இல்ல, அதனால நடுக்கடல்ல துகள்ல அலுமினியம் இருந்தா அது கரையில இருந்து வந்த மண்ணுன்னு அர்த்தம். தூசியோட கைரேகைன்னு சொல்லலாம்.

மேல்மட்ட தண்ணியில மிதக்கிற துகள்கள்ல இருக்கிற அலுமினியத்த அளந்தாங்க, அது பிளாங்க்டன் பருவத்தோட சம்பந்தமே இல்லாம இஷ்டத்துக்கு ஏறுது இறங்குது. அது சரிதான், ஏன்னா தூசி காத்து சொல்ற நேரத்துக்கு வரும், பெர்முடாவுக்கு சஹாரா தூசி அதிகமா வர்றது கோடையில, பிளாங்க்டன் பெருகுறது வசந்தத்துல, ரெண்டுக்கும் காலண்டர் வேற. இப்போ கீழ 3200 மீட்டர்ல விழுற அலுமினியத்த பாத்தா அது காத்தோட காலண்டர பின்பத்தல, கரிமப் பொருளோட கை கோத்துட்டு ஏறி இறங்குது. கார்பன் அதிகம் விழுறப்போ களிமண்ணும் அதிகம் விழுது, கார்பன் குறையிறப்போ களிமண்ணும் குறையுது.

இந்த ஒரு ஒப்பீட்ட நின்னு நிதானமா பாக்கணும். தூசி தானா இறங்குதுன்னா, 50 வருஷம் 100 வருஷம் விழுந்ததெல்லாம் கலந்து ஆழத்துல பருவமே தெரியாம தட்டையா இருந்திருக்கணும். இல்ல, தூசி வேற ஏதோ வழியில வேகமா இறங்குது, ஆனா உயிரினத்துக்கு பங்கில்லன்னா, கீழ தூசி வர்ற காலண்டர் தெரியணும். ரெண்டும் தெரியல. தெரிஞ்சது பிளாங்க்டனோட காலண்டர். மேல தூசி காத்துக்கிட்டு இருக்கு, உயிரினம் கூட்டிட்டு போறப்போதான் போகுது.

இதுக்கு ஒரு எதிர்க்கேள்வி இருக்கு, அது நியாயமான கேள்வியும் கூட. ட்ராப் புனல் எல்லா நேரத்துலயும் ஒரே திறமையில பிடிக்காது, நீரோட்டம் கூடுனா புனல் சாயும், துகள் வெளிய போயிடும். பிடிக்கிற திறமை மாறுனா கார்பனும் அலுமினியமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், அத பாத்துட்டு நாம உயிரினம்தான் காரணம்னு ஏமாந்துடலாம் இல்லையா? என் பார்வையில இது இந்த கேஸுல உண்மையா நிக்கிறது கஷ்டம். முதல் காரணம், ஆழத்துல விழுற கரிமப் பொருள் மேல தனியா அளந்த பிளாங்க்டன் சுழற்சியோட ஒத்துப் போகுது, புனல் சாய்றது எதுக்கு வருஷா வருஷம் வசந்த பெருக்கத்த பாத்து நடக்கணும்? ரெண்டாவது காரணம் 3 வருஷம் கழிச்சு வேற ஒரு கடல்ல வந்துச்சு, யாரும் கேக்காத, யாருக்கும் வந்திருக்கக் கூடாத ஒரு ஆதாரமா.

1986 மே மாசம், கார்சிகா

மொனாக்கோவுல சர்வதேச அணுசக்தி முகமைக்கு ஒரு கடல் ஆய்வகம் இருக்கு. அந்த ஆளுங்க 1986 ஏப்ரல் 13 அன்னைக்கு கார்சிகா தீவு பக்கத்துல 200 மீட்டர் ஆழத்துல ஒரு தானியங்கி ட்ராப் இறக்கியிருந்தாங்க, கப்பு தானா சில நாளுக்கு ஒருக்கா மாறிக்கிற வகை. ஏப்ரல் 26 செர்னோபில் வெடிச்சுது. மே முதல் வாரத்துல அந்த மேகம் மேற்கு மத்தியதரைக் கடல் மேல வந்துச்சு. அதாவது ஒரு சில நாளுக்குள்ள, தேதி துல்லியமா தெரிஞ்ச ஒரு கதிரியக்கத் தூசி கடல் மேல விழுந்திருக்கு, கீழ ஏற்கனவே புனல் விரிச்சு வச்சிருக்கு.

மேல விழுந்து ஏறக்குறைய ஒரே வாரத்துல அந்த அலை 200 மீட்டர் ட்ராப்புக்கு வந்துடுச்சு. அந்த நுண்துகள்கள் தானா இறங்கியிருந்தா 2 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். கப்புல என்ன இருந்துச்சுன்னா முக்கால்வாசி பிளாங்க்டன் விலங்குகளோட புழுக்கை. அதே சமயத்துல வலை போட்டு பிடிச்ச கோபிபாட்ங்கிற சின்ன பிளாங்க்டன் விலங்குகளோட புழுக்கையிலயும் அதே கதிரியக்கப் பொருள்கள் இருந்துச்சு. இதுல இன்னொரு அழகான விவரம், துகளோட ஒட்டிக்கிற குணம் உள்ள சீரியம் வேகமா இறங்கிடுச்சு, தண்ணியில கரைஞ்சே இருக்கிற சீசியத்துல பெரும்பகுதி மேலயே தங்கிடுச்சு. ஒரே மேகம், ஒரே தண்ணி, ஒரே ட்ராப், ஆனா துகளா இருந்தது மட்டும் கீழ போச்சு. புனல் சாஞ்சதால இப்படி ஒரு பிரிவினை வராது. டாய்சர் குழு காலண்டர வச்சு சொன்னத இது கடிகாரம் வச்சு காட்டிடுச்சு.

எப்படி இறக்குதுங்க

கோபிபாட்ங்கிறது அரிசி அளவு கூட இல்லாத ஒரு ஓட்டு உயிரினம், இறால் நண்டோட தூரத்து சொந்தம். தண்ணிய கால்களால தள்ளி வர்ற துகள்கள பிடிச்சு திங்கும், பாசியோட சேர்ந்து தூசியும் உள்ள போகும். குடல்ல தூசி செரிக்காது, ஆனா அங்க எல்லாம் அழுத்தி சுருட்டி மேல ஒரு மெல்லிய சவ்வோட புழுக்கையா வெளிய வரும். இப்போ ஆயிரக்கணக்கான 2 மைக்ரான் துகள் ஒண்ணா கட்டி, நாளைக்கு 20 சென்டிமீட்டர் இறங்கினது பத்து மீட்டர், நூறு மீட்டர்னு இறங்குது. சால்ப்னு ஒரு கண்ணாடி மாதிரி உடம்புள்ள உயிரினம் இருக்கு, அது உடம்புக்குள்ள ஒரு சளி வலை விரிச்சு தண்ணிய வடிகட்டும், மைக்ரான் அளவு வரைக்கும் பிடிக்கும், எது நல்லது எது மண்ணுன்னு பிரிச்சு பாக்காது. அதோட புழுக்கை நாளைக்கு 1000 மீட்டர் கூட இறங்கும். அந்த வேகத்துல அட்லான்டிக் அடிக்கு நாலஞ்சு நாள்தான்!

திங்காமலும் இறங்கும். பாசி, டயட்டம் எல்லாம் சர்க்கரை மாதிரியான ஒரு பசைய தண்ணியில விடும், அது சின்னச் சின்ன ஒட்டும் துணுக்கா மாறும், கண்ணுக்கே தெரியாம ட்ரான்ஸ்பரன்ட்டா இருக்கிறதால 1993 வரைக்கும் இது எவ்வளவு நிறைய இருக்குன்னே சரியா தெரியல, சாயம் போட்டு பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. செத்த பாசி, புழுக்கை, பாக்டீரியா, தூசி எல்லாம் இந்த பசையில ஒட்டி அரை மில்லிமீட்டருக்கு மேல போனா அதுக்கு பேரு கடல்பனி. நீர்மூழ்கியில வெளிச்சம் போட்டா மெத்து மெத்துன்னு விழுந்துட்டே இருக்கும். அது இறங்குற வழியில தொங்கிட்டு இருக்கிற தூசியையும் ஒட்ட வச்சுக்கும், அதனால மேல திங்கப்படாம தப்பிச்ச துகள் கூட கீழ எங்கயாவது மாட்டிக்கும்.

செங்கடல் பக்கம் அகாபா வளைகுடாவுல ட்ரைக்கோடெஸ்மியம்னு ஒரு நுண்ணுயிர் கூட்டம் இருக்கு, 2011ல வந்த ஒரு ஆய்வு காட்டினது என்னன்னா அது தூசிய இழைகளால பிடிச்சு கூட்டத்தோட நடுவுக்கு நகர்த்திட்டு போய் அங்க வச்சு இரும்ப கரைச்சு எடுத்துக்குது. பிடிக்கிறது தற்செயல் இல்ல, அதுக்கு அந்த தூசி வேணும்.

தூசி திருப்பி என்ன செய்யுது

உயிரினம் தூசிய இறக்குதுன்னா, தூசியோட எடை உயிரினத்தோட கார்பன இறக்க உதவுதா? இந்த இடத்துலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்கன்னு எனக்கு தோணுது. 2002ல உலகம் பூரா இருக்கிற ட்ராப் டேட்டாவ சேர்த்து பாத்தப்போ, ஆழத்துக்கு போற கரிம கார்பனோட நெருக்கமா ஒட்டி நிக்கிறது சுண்ணாம்பு ஓடுதான், தூசி இல்ல. அதனால உலக அளவுல தூசிதான் கார்பன இழுத்துட்டு போகுதுன்னு சொல்ல முடியாது. 2004ல உட்டா பாசோங்கிற கடல் விஞ்ஞானி கேள்விய திருப்பிப் போட்டாங்க, கனிமம் கார்பன இழுக்குதா இல்ல கார்பன் தன்னால சுமக்க முடிஞ்ச அளவு கனிமத்த எடுத்துட்டு போகுதான்னு. பெர்முடா கேஸ பாத்தா ரெண்டாவதுதான் பொருந்துது, அங்க முடிவு பண்றது உயிரினம்.

ஆனா சஹாரா வாசல்லயே கதை வேற. மொரிட்டானியாவுக்கு வெளிய கேப் ப்ளாங்க் பக்கத்துல ஜெர்மனியோட ப்ரேமன் ஆளுங்க 1988ல இருந்து ட்ராப் வச்சிருக்காங்க. அங்க கீழ இருந்து சத்துத் தண்ணி மேல வர்றதால உயிர் நிறைய, பக்கத்துலயே பாலைவனம் இருக்கிறதால தூசியும் நிறைய. பிளாங்க்டன் மந்தமா இருக்கிற சீசன்ல கூட பெரிய தூசிப்புயல் வந்தா கார்பன் இறங்குறது எகிறுது. உரமா வேலை செஞ்சு உயிர் பெருகினதால வந்ததுன்னு இத சொல்ல முடியாது, எடைதான். இந்த கடல்ல எடுத்த பிளாங்க்டனோட சஹாரா தூசிய கலந்து உருளும் தொட்டியில சுத்த விட்டு பாத்தாங்க, அந்த ரிசல்ட் 2018ல வந்துச்சு, தூசி போட்டதுல கட்டிகள் எண்ணிக்கை கூடுது, சைஸ் சின்னதாகுது, ஆனா இறுக்கமாகி வேகமா இறங்குது. அளவுக்கு மீறி கனிமம் போட்டா கட்டி ஒரு கட்டத்துக்கு மேல ஏத்துக்காது, உடைஞ்சு சின்னதாயிடும்ங்கிறது வேற லேப் சோதனைகள்லயும் தெரிஞ்சிருக்கு.

கார்சிகாவுல 2008லயும் 2010லயும் பிரெஞ்சு குழு செஞ்ச சோதனை எனக்கு இன்னும் முக்கியமா படுது. கடல்லயே பெரிய பிளாஸ்டிக் பைகள தொங்க விட்டு, ஒவ்வொண்ணுலயும் 52 கன மீட்டர் தண்ணி, மேல சதுர மீட்டருக்கு 10 கிராம் தூசிய மழை மாதிரி தூவினாங்க, கீழ ட்ராப். தூவினப்புறம் இறங்கின கரிம கார்பன்ல பாதிக்கு நெருக்கமானது தூசியோட எடையாலயும் ஒட்டலாலயும் மட்டுமே இறங்கினதுன்னு கணக்கு வந்துச்சு. அதோட தூசியில வர்ற இரும்பு பிளாங்க்டனுக்கு சத்து, ஆனா அந்த இரும்பு விஷயம் தலைகீழா போச்சு: 2008ல தூசி தூவினப்புறம் கரைஞ்ச இரும்பு கூடும்னு பாத்தா குறைஞ்சுது, ஏன்னா இறங்குற துகள்கள் ஏற்கனவே தண்ணியில இருந்த இரும்பையும் ஒட்ட வச்சு கூட்டிட்டு போயிடுச்சு. 2010ல ரெண்டு தடவை தூவினாங்க, முதல் தடவை இரும்பு குறைஞ்சுது, ரெண்டாவது தடவை கூடுச்சு, அதுக்குள்ள இரும்ப கரைசல்ல பிடிச்சு வைக்கிற கரிமப் பொருள் தண்ணியில சேர்ந்திருந்துச்சு. அப்போ ஒரே தூசி, ஒரே அளவு, உள்ள உயிர் என்ன நிலைமையில இருக்குங்கிறத பொறுத்து கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும். கடல்ல இரும்பு கொட்டி கார்பன குறைக்கலாம்னு பேசுறவங்க இந்த ரிசல்ட்ட கண்டிப்பா படிக்கணும்.

உயிரினம் இல்லாம வேகமா இறங்குறதே கிடையாதான்னு கேட்டா, உண்டு. 1991 ஜூன்ல பினாட்டுபோ எரிமலை வெடிச்சப்போ தென் சீனக் கடல் ட்ராப்கள்ல சாம்பல் ஒரு சில நாள்லயே ஆழத்துக்கு வந்துடுச்சு, அவ்வளவு சாம்பல் மொத்தமா விழுந்ததால சாம்பல் கலந்த தண்ணியே கனமாகி திரளா கீழ போயிருக்கு. அதே மாதிரி அட்லான்டிக் நடுவுல டச்சு ஆளுங்க வச்ச மிதவைகள்லயும் ட்ராப்கள்லயும் 450 மைக்ரான் வரைக்கும் பெரிய குவார்ட்ஸ் மணிகள் கிடைச்சிருக்கு, ஆப்பிரிக்காவுல இருந்து 3500 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு பெருசுக்கு யார் உதவியும் வேணாம், அது கல்லு மாதிரி போயிடும் (காத்துல எப்படி அவ்வளவு தூரம் வந்துச்சுங்கிறதுதான் அங்க பெரிய கேள்வி).

நம்ம பக்கத்து கடல்கள்

கோவா தேசிய கடலியல் நிறுவனமும் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986ல இருந்து அரபிக்கடல்ல ட்ராப் வச்சாங்க, தென்மேற்கு பருவக்காத்து சீசன்ல துகள் இறங்குறது எகிறுதுன்னு 1989ல சொன்னாங்க. அங்க அரேபியா தூசி வர்றதும் பிளாங்க்டன் பெருகுறதும் ஒரே சீசன்ல விழுறதால ரெண்டையும் பிரிச்சு பாக்கிறது கஷ்டம், பெர்முடா மாதிரி ரெண்டு காலண்டரும் வேற வேறயா இருந்தாதான் இந்த கேள்விக்கு சுத்தமா பதில் கிடைக்கும். வங்காள விரிகுடாவுல தூசிக்கு பதிலா கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வர்ற வண்டல் அதே வேலைய செய்யுது, மேல உற்பத்தி அரபிக்கடல விட கம்மி, ஆனா ஆழத்துக்கு போற கார்பன் அவ்வளவா குறையல, அந்த வண்டலோட எடைதான் காரணம்னு அதே குழு விளக்கம் கொடுத்தாங்க.

இது எல்லாத்தையும் வச்சு எனக்கு உறுதியா படுற ஒரு விஷயம் கடலடி மண் கோர்கள (கடலடியில குழாய் இறக்கி அடுக்கு கலையாம எடுக்கிற மண் தூண்) பத்தினது. பனியுகத்துல காத்துல தூசி இப்ப இருக்கிறத விட 2ல இருந்து 4 மடங்கு இருந்துச்சுன்னு சொல்றோம்ல, அதுல பெரிய பங்கு இந்த கோர்கள்ல இருந்து படிச்சதுதான். உயிரினங்க வாரக்கணக்குல இறக்கி விடுறதாலதான் எந்த ஊர் காத்து எந்த காலத்துல அடிச்சுதுன்னு அந்த மண்ணுல படிக்கவே முடியுது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா மேல உயிர் குறைவான இடத்துல தூசி அதிக நாள் தொங்கும், அதிக தூரம் நகரும். தென் பசிபிக் நடுவுல ஆயிரம் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட படியாத இடங்கள் இருக்கு, அங்க மேல தூசியும் கம்மி, உயிரும் கம்மி. அந்த மாதிரி கோர்ல களிமண் கூடுற ஒரு அடுக்க பாத்தா பாலைவனம் பெருசாச்சு, காத்து பலமாச்சுன்னு நேரா முடிவுக்கு வரக்கூடாது, அந்த காலத்துல மேல பிளாங்க்டன் கூடியிருந்தா அதுவே சுத்தி தொங்கிட்டு இருந்த தூசிய அந்த இடத்துல அதிகமா இறக்கியிருக்கலாம். தோரியம் 230 வச்சு இத ஓரளவு சரி பண்றாங்க, அது தண்ணியில இருக்கிற யுரேனியத்துல இருந்து எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல உண்டாகி துகள்ல ஒட்டி இறங்குற பொருள், அதனால களிமண்ண அதோட ஒப்பிட்டா மண் பக்கத்துல இருந்து சரிஞ்சு வந்து குவிஞ்சது எவ்வளவு, மேல இருந்து விழுந்தது எவ்வளவுன்னு பிரிக்கலாம். ஆனா அந்த தோரியமும் இதே கடல்பனியிலயும் புழுக்கையிலயும் ஏறித்தான் கீழ வருது, அதனால தூசி கணக்கு போடுற ஒவ்வொரு கோர் பேப்பர்லயும் பக்கத்துலயே அந்த காலத்து பிளாங்க்டன் அளவுக்கும் ஒரு கோடு வரைஞ்சு காட்டணும்ங்கிறது என் கருத்து.